மெடிகேப் திட்டத்தை நிறுத்துகிறோம் என்று வந்த கடிதம்: பாலிசி தொடருமா, போய்விடுமா?

கொன்றை
2025 அக்டோபர் 4, காலை 9:12

மன்றத்தின் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். டாலஸுக்கு வடக்கே பெற்றோருடன் ஒரே வீட்டில் வசிக்கிறேன். அப்பாவுக்கு 74 வயது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் இங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2016இல் 65 வயது நிறைந்ததும், அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேரில் மருத்துவமனைச் செலவுக்கான பார்ட் ஏ, மருத்துவர் செலவுக்கான பார்ட் பி இரண்டையும் எடுத்துக்கொண்டு, அவை விட்டுவைக்கும் செலவுகளுக்காக ஒரு தனியார் நிறுவனத்திடம் மெடிகேப் என்னும் துணைப் பாலிசிகளில் பிளான் எஃப் என்ற வகையை வாங்கினார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அந்த மருத்துவமனைக் கட்டணத்தில் எங்கள் கையிலிருந்து ஒரு டாலர்கூடப் போகவில்லை என்பதால், அந்தப் பாலிசியை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வைத்துப் பாதுகாத்து வருகிறார்.

இந்த வாரம் அந்த நிறுவனத்திடமிருந்து, பிளான் எஃப் நிறுத்தப்படுகிறது என்ற தலைப்போடு ஒரு கடிதம் வந்தது. அன்றிலிருந்து அப்பா இரவில் சரியாகத் தூங்கவில்லை. எங்களுக்குப் பழக்கமான ஏஜென்ட் ஒருவர், நிறுவனமே கைவிட்ட பிறகு காத்திருப்பதில் பொருளில்லை என்றும், 15ஆம் தேதி ஆண்டுப் பதிவு தொடங்கியதும், மெடிகேர் பலன்களைத் தனியார் நிறுவனமே தரும் அட்வான்டேஜ் திட்டங்களில் மாதப் பிரீமியம் இல்லாத ஒன்றுக்கு மாறிவிடலாம் என்றும் சொல்கிறார். அம்மா ஏற்கெனவே ஓர் அட்வான்டேஜ் திட்டத்தில்தான் இருக்கிறார். அவருக்கும் ஏதோ ஒரு கடிதம் வந்திருக்கிறது. விளம்பரத் தாள்களோடு கிடந்ததால் அதை இன்னும் படிக்கவில்லை. இப்போது என் கவலை முழுவதும் அப்பாவைப் பற்றியது. இந்த வயதில், ஸ்டென்ட் வைத்த பிறகு, அவருக்கு வேறு யார் மெடிகேப் கொடுப்பார்கள்?

நீலமலை
2025 அக்டோபர் 4, காலை 10:40

சகோதரி, கவலைப்பட வேண்டாம். திட்டம் நின்றுபோனால் 63 நாட்களுக்குள் எந்த நிறுவனத்திடமும் உடல்நலக் கேள்வி எதுவும் இல்லாமல் புதிய மெடிகேப் வாங்கும் உரிமை அப்பாவுக்கு உண்டு. பழைய பாலிசியை இப்போதே ரத்து செய்துவிட்டு பிளான் ஜிக்கு விண்ணப்பியுங்கள்.

ஊர்க்குருவி
2025 அக்டோபர் 4, பிற்பகல் 1:25

தயவுசெய்து எதையும் ரத்து செய்யாதீர்கள். நான் நியூ ஜெர்சியில் மெடிகேர் ஆலோசனைத் திட்டத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். நீலமலை சொல்லும் 63 நாள் உரிமை உண்மையானது. ஆனால் அது எல்லாக் கடிதங்களுக்கும் பொருந்தாது. பொருந்தாத இடத்தில் அதை நம்பி இருந்த பாலிசியை விட்டவர்களை நேரில் பார்த்திருக்கிறேன், அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன்.

ஒரு திட்டம் "நிறுத்தப்படுகிறது" என்ற சொல்லுக்குள் இரண்டு வேறு நிகழ்வுகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, நிறுவனம் அந்தத் திட்டத்தைப் புதியவர்களுக்கு விற்பதை மட்டும் நிறுத்துவது. அப்போது ஏற்கெனவே வைத்திருப்பவரின் பாலிசி அப்படியே ஓடும். அவர் எதையும் இழக்காததால் 63 நாள் உரிமையும் பிறக்காது. மற்றொன்று, இருக்கும் பாலிசியே முடிந்துபோவது. நிறுவனம் திவாலாகிப் பாதுகாப்பு போய்விட்டாலோ, வாங்கியவரின் தவறு எதுவும் இல்லாமல் வேறு வகையில் பாலிசி முடிந்தாலோதான் அந்த உரிமை வரும். அதை இங்கே கேரண்டீட் இஷ்யூ என்பார்கள். விண்ணப்பித்தால் நிறுவனம் மறுக்க முடியாது, நோயைக் காட்டிப் பிரீமியத்தை ஏற்ற முடியாது, பழைய நோய்க்குக் காத்திருப்புக் காலமும் வைக்க முடியாது.

1992க்குப் பிறகு தரப்படுத்தப்பட்ட மெடிகேப் பாலிசிகள் எல்லாம் புதுப்பிப்பு உறுதி செய்யப்பட்டவை. பிரீமியம் கட்டத் தவறினாலோ, விண்ணப்பத்தில் முக்கியமான ஒன்றை மறைத்திருந்தாலோ தவிர, நல்ல நிலையில் இயங்கும் நிறுவனம் ஒருவரை வெளியேற்ற முடியாது. அப்பாவின் பாலிசியின் முதல் பக்கத்தைப் பாருங்கள். புதுப்பிப்பு பற்றிய விதி அங்கேயே அச்சாகியிருக்க வேண்டும். பிறகு கடிதத்தின் இரண்டாவது, மூன்றாவது பத்திகளில் என்ன எழுதியிருக்கிறது என்று இங்கே சொல்லுங்கள்.

கொன்றை
2025 அக்டோபர் 4, மாலை 6:50

மிக்க நன்றி. அப்பாவை அருகில் உட்காரவைத்துக்கொண்டு கடிதத்தை வரி வரியாகப் படித்தேன். வரும் ஜனவரி 1 முதல் எங்கள் மாநிலத்தில் பிளான் எஃப் பாலிசிகளைப் புதிதாக விற்கப் போவதில்லை என்றும், தற்போதைய பாலிசிதாரர்கள் பிரீமியம் செலுத்திவரும் வரை அவர்களுடைய பாலிசி மாற்றமின்றித் தொடரும் என்றும் மூன்றாவது பத்தியில் இருக்கிறது. பாலிசியின் முதல் பக்கத்திலும் நீங்கள் சொன்ன விதி தடித்த எழுத்தில் இருக்கிறது. அப்பா அதைத் தானே ஒருமுறை உரக்கப் படித்தார். இரண்டு நாட்களுக்குப் பிறகு இன்றுதான் காப்பி கேட்டுக் குடித்தார்.

ஆனால் விற்பனை நின்ற பாலிசிக்குப் பிரீமியம் ஏறிக்கொண்டே போகும் என்று ஏஜென்ட் சொல்வது உண்மையா என்று அப்பா கேட்கச் சொல்கிறார். 2016இல் 148 டாலரில் தொடங்கியது, இப்போது 296 டாலர் ஆகிவிட்டது.

பழைய கணக்கர்
2025 அக்டோபர் 5, காலை 7:05

காப்பீட்டுக் கணக்கு பார்ப்பதே என் தொழிலாக இருந்தது. ஓய்வு பெற்று ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அந்த ஏஜென்ட் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் தங்கள் தந்தையார் நிதானமாக முடிவெடுக்கலாம்.

மெடிகேப் பிரீமியம் என்பது ஒரே பாலிசியை வைத்திருக்கும் கூட்டத்தின் மொத்த மருத்துவச் செலவைப் பங்கிட்டுக்கொள்வதுதான். ஒவ்வோர் ஆண்டும் 65 வயதுக்காரர்கள் புதிதாக வந்து சேரும்வரை கூட்டத்தின் சராசரி வயது பெரிதாக ஏறாது. வாசலை மூடிவிட்டால் உள்ளே இருப்பவர்கள் மட்டும் ஆண்டுக்கு ஒரு வயது கூடிக்கொண்டே போவார்கள். அதோடு, அவர்களில் நல்ல உடல்நலத்தோடு இருப்பவர்கள் வேறு நிறுவனத்தின் மருத்துவக் கேள்விகளுக்குப் பதில் சொல்லித் தேறி, குறைந்த விலைப் பாலிசிக்குப் போய்விடுவார்கள். போக முடியாதவர்கள் மிஞ்சுவார்கள். செலவைத் தாங்கும் தோள்கள் குறையக் குறைய, மிஞ்சிய ஒவ்வொருவரின் பங்கும் கூடும். எங்கள் தொழிலில் இதை மூடிய தொகுப்பு என்போம். நான் பார்த்த கோப்புகளில் மனத்தை மிகவும் வருத்தியவை இத்தகைய தொகுப்புகளின் விலை உயர்வுக் கோப்புகள்தான்.

பிளான் எஃப் விஷயத்தில் அந்த வாசல் ஏற்கெனவே பெருமளவு மூடப்பட்டுவிட்டது. பார்ட் பி பணம் தரத் தொடங்கும் முன் ஆண்டுதோறும் கட்டவேண்டிய டிடக்டிபிள் தொகையைக்கூட நோயாளி கட்டத் தேவையில்லாத திட்டங்களை, 2020 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ மெடிகேருக்குப் புதிதாகத் தகுதி பெறுபவர்களுக்கு விற்கக் கூடாது என்று 2015ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொன்னது. சி, எஃப் ஆகிய இரண்டும் அப்படித்தான் புதிய 65 வயதுக்காரர்களை இழந்தன. அதற்கு முன் 2010 ஜூனில் இ, எச், ஐ, ஜே ஆகிய நான்கு திட்டங்களின் விற்பனை நாடு முழுவதும் நின்றது. அன்றே பிளான் ஜே வைத்திருந்தவர்கள் அதைத் தொடர்ந்து வைத்துக்கொள்ள முடிந்தது. ஆகவே தங்கள் தந்தையாருக்கு வந்த கடிதம் திடீர் இடி அன்று; ஐந்தாண்டுகளாகச் சுருங்கிவரும் கூட்டத்துக்கு நிறுவனம் முறைப்படி கதவைச் சாத்துகிறது, அவ்வளவே.

கட்டுப்பாடுகளும் உண்டு. ஒரு திட்டத்தின் விற்பனையை நிறுத்தும் நிறுவனம் மாநிலக் காப்பீட்டு ஆணையருக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும்; பிறகு அதே வகைத் திட்டத்தை ஐந்து ஆண்டுகளுக்குப் புதிய பாலிசியாகக் கொண்டுவர முடியாது என்பது மாநிலங்கள் பின்பற்றும் மாதிரி விதி. பழைய கூட்டத்தை மூடிவிட்டு அடுத்த மாதமே அதே சரக்கை இளையவர்களுக்கு மலிவாக விற்பதைத் தடுப்பதற்காகவே இது எழுதப்பட்டது. தனிநபர் மெடிகேப் பாலிசிகளில் வாங்கும் ஒவ்வொரு டாலருக்கும் குறைந்தது 65 சென்ட் மருத்துவச் செலவாகத் திரும்ப வேண்டும். ஸ்டென்ட் வைத்தார் என்பதற்காக அவர் ஒருவருக்கு மட்டும் விலையை ஏற்றவும் முடியாது.

எனவே பிரீமியம் ஏறும் என்பது சரி. அதனால் இந்த அக்டோபரிலேயே பாலிசியை விட்டுவிட வேண்டும் என்பது அந்தக் கணக்கிலிருந்து வரும் முடிவு அன்று.

நீலமலை
2025 அக்டோபர் 5, காலை 8:30

நேற்று நான் எழுதியது தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன்; சகோதரி மன்னிக்க வேண்டும். என் மாமனாரின் பாலிசி வேறு காரணத்தால் முடிந்தது, அந்த விதியை எல்லோருக்கும் பொதுவாக எண்ணிவிட்டேன். எஃப்பிலிருந்து ஜிக்கு மாறினால் பிரீமியம் குறையும் என்கிறார்களே, உடல்நலக் கேள்விகளுக்குப் பதில் சொல்லியாவது அப்பா முயன்று பார்க்கலாமா?

ஊர்க்குருவி
2025 அக்டோபர் 5, முற்பகல் 11:15

முயலலாம். எஃப்புக்கும் ஜிக்கும் உள்ள ஒரே வேறுபாடு பார்ட் பி டிடக்டிபிள். இந்த ஆண்டு அது 257 டாலர். ஆண்டுப் பிரீமிய வேறுபாடு அதைவிடப் பெரிதாக இருந்தால் மாறுவது லாபம். ஸ்டென்ட் வைத்த காலத்தைப் பற்றிப் பெரும்பாலான நிறுவனங்கள் கேட்கும். மறுக்கவும் கூடும், மறுத்தால் அப்பா எதையும் இழப்பதில்லை. புதிய நிறுவனம் ஏற்றுக்கொண்டு பாலிசியை அனுப்பும்வரை பழையதற்குத் தவறாமல் பணம் கட்டிவர வேண்டும். புதியது வந்த பிறகும் அதைத் திருப்பித் தர 30 நாள் அவகாசம் உண்டு. அந்த ஒரு மாதம் இரண்டுக்கும் பிரீமியம் கட்டுவது சுமைதான். ஆனாலும் அதைக் கட்டிவிடுங்கள் என்றே எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

அட்வான்டேஜுக்குப் போவதைப் பற்றியும் ஒரு சொல். மெடிகேப்பை விட்டு வாழ்நாளில் முதன்முறையாக அட்வான்டேஜில் சேர்பவருக்கு 12 மாத வெள்ளோட்டம் உண்டு. அதற்குள் பிடிக்கவில்லையென்றால் பழைய நிறுவனத்தின் அதே பாலிசிக்குத் திரும்பலாம், அது விற்பனையில் இருந்தால். அப்பாவின் பாலிசி ஜனவரி முதல் விற்பனையில் இருக்காது. அப்போது வேறு நிறுவனங்கள் விற்கும் குறிப்பிட்ட சில திட்டங்களில் ஒன்றை வாங்க உரிமை உண்டு என்றாலும், ஒன்பது ஆண்டுகளாக வைத்திருந்த அதே பாலிசி திரும்பக் கிடைக்காது. 12 மாதம் கடந்துவிட்டால் டெக்சாஸில் மீண்டும் உடல்நலக் கேள்விகள்தாம்.

ஹட்சன்கரை
2025 அக்டோபர் 5, பிற்பகல் 2:02

நியூயார்க்கில் மெடிகேப் நிறுவனங்கள் ஆண்டின் எந்த நாளிலும், எந்த வயதிலும், நோயைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. கனெக்டிகட்டும் அப்படித்தான். இந்த இழையைப் படிக்கும் மற்ற மாநிலத்தவர்கள் எங்கள் ஊர் அனுபவத்தைத் தங்களுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

சன்னிவேல்காரர்
2025 அக்டோபர் 5, மாலை 4:44

கலிஃபோர்னியாவில் ஏற்கெனவே மெடிகேப் வைத்திருப்பவர், ஒவ்வோர் ஆண்டும் பிறந்தநாள் தொடங்கி 60 நாட்களுக்குள், அதே அளவு அல்லது குறைந்த பலன் உள்ள வேறு மெடிகேப்புக்கு உடல்நலக் கேள்வி இல்லாமல் மாறலாம். என் தாயார் மூடிய தொகுப்பு ஒன்றிலிருந்து அந்த வழியில்தான் வெளியே வந்தார். டெக்சாஸில் இத்தகைய பிறந்தநாள் விதி இல்லாதது வருத்தமாக இருக்கிறது.

ஊர்க்குருவி
2025 அக்டோபர் 5, மாலை 5:10

கொன்றை அவர்களே, முதல் பதிவில் அம்மாவுக்கும் ஒரு கடிதம் வந்ததாக எழுதியிருந்தீர்கள். அட்வான்டேஜ் திட்டங்கள் அடுத்த ஆண்டு தொடரப் போவதில்லை என்றால், அக்டோபர் 2ஆம் தேதிக்குள் அந்தத் தகவலை உறுப்பினர்களுக்கு அனுப்பிவிட வேண்டும். அதை இன்றே பிரித்துப் படியுங்கள்.

கொன்றை
2025 அக்டோபர் 5, இரவு 8:20

படித்தேன். அம்மாவின் திட்டம் டிசம்பர் 31 அன்று எங்கள் கவுன்டியில் முடிவடைகிறது. 2026இல் அதைத் தொடர மாட்டார்கள் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. இப்போது என் கைகள் நடுங்குகின்றன.

அம்மாவுக்கு 69 வயது. 2021இல் 65 நிறைந்தபோது உடம்பில் எந்தக் குறையும் இல்லாததால், பிரீமியம் இல்லாத, நெட்வொர்க் எனப்படும் குறிப்பிட்ட மருத்துவர் வட்டத்துக்குள் சிகிச்சை பெறவேண்டிய ஹெச்எம்ஓ வகை அட்வான்டேஜ் போதும் என்று நாங்கள்தான் சொன்னோம். 2023இல் மார்பகப் புற்றுநோய் வந்தது. அறுவை, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து இப்போது தினமும் ஒரு ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறார், நலமாக இருக்கிறார். ஆனால் சிகிச்சைக் காலத்தில் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முன் அனுமதி வாங்கக் காத்திருந்த நாட்களை என்னால் மறக்க முடியாது. நாங்கள் பார்க்க விரும்பிய புற்றுநோய் மையம் நெட்வொர்க்கில் இல்லை. கடந்த ஆண்டு மெடிகேப்புக்கு விண்ணப்பித்துப் பார்த்தோம். புற்றுநோய் என்ற ஒரு சொல்லிலேயே மறுத்துவிட்டார்கள். இப்போது இருந்ததும் போகிறது என்றால் அம்மா எங்கே போவார்?

ஊர்க்குருவி
2025 அக்டோபர் 5, இரவு 10:48

அமைதியாகப் படியுங்கள். நீங்கள் அப்பாவின் கடிதத்துக்கு அஞ்சினீர்கள், ஆனால் காலக்கெடு உள்ள கடிதம் அம்மாவுடையதுதான். கடந்த ஆண்டு அவருக்குச் சாத்தப்பட்ட கதவை இந்தக் கடிதம்தான் திறக்கப் போகிறது.

அட்வான்டேஜ் திட்டம் ஒரு பகுதியை விட்டு வெளியேறும்போது, அதில் இருந்தவர் அரசே நேரடியாக நடத்தும் அசல் மெடிகேருக்குத் திரும்பினால் அவருக்குக் கேரண்டீட் இஷ்யூ உரிமை கிடைக்கிறது. அம்மாவுக்குப் புற்றுநோய் வந்ததைக் காட்டி எந்த மெடிகேப் நிறுவனமும் மறுக்க முடியாது. அவர் 2020க்குப் பிறகு 65 நிறைந்தவர் என்பதால் சி, எஃப் கிடைக்காது. ஏ, பி, டி, ஜி, கே, எல் ஆகிய திட்டங்களில், டெக்சாஸில் அந்த நிறுவனம் விற்கும் எதையும் கேட்கலாம். பிளான் ஜி எடுத்தால் பார்ட் பி டிடக்டிபிள் தவிர மெடிகேர் ஏற்கும் சிகிச்சைகளில் அவர் கட்டவேண்டிய பங்கு அநேகமாக எதுவும் மிஞ்சாது. மெடிகேரை ஏற்கும் எந்த மருத்துவரிடமும் போகலாம்.

நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய பாதுகாப்பு முடிவதற்கு 60 நாட்களுக்கு முன்பிருந்து, அதாவது நவம்பர் 1 முதல் விண்ணப்பிக்கலாம். முடிந்த பிறகு 63 நாட்கள் வரை, அதாவது 2026 மார்ச் 4 வரை அவகாசம் உண்டு. ஆனால் மார்ச் வரை காத்திருந்தால் ஜனவரியிலும் பிப்ரவரியிலும் மெடிகேர் கட்டாத இருபது விழுக்காடு அம்மாவின் தலையில் விழும். அசல் மெடிகேரில் அதற்கு உச்சவரம்பு கிடையாது. ஆகவே மெடிகேப் ஜனவரி 1 அன்றே தொடங்கும்படி நவம்பரில் விண்ணப்பியுங்கள்.

இன்னொன்று முக்கியம். இந்த இலையுதிர் காலத்தில் வேறு ஓர் அட்வான்டேஜ் திட்டத்தில் அம்மாவைச் சேர்த்துவிட்டால் இந்த உரிமை போய்விடும். இரண்டு வழிகளில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

கடிதத்தை மட்டுமல்ல, தபால் முத்திரையோடு அதன் உறையையும் பத்திரப்படுத்துங்கள். அம்மாவின் பெயர் அச்சிட்ட அந்தக் கடிதம்தான் உரிமைக்குச் சான்று. மாத்திரைக்குத் தனியாகப் பார்ட் டி என்ற மருந்துக் காப்பீட்டை எடுக்க வேண்டும், ஏனென்றால் மெடிகேப்பில் மாத்திரைச் செலவு சேராது. மெடிகேர் தளத்தில் மருந்துப் பட்டியலை உள்ளிட்டால் எந்தத் திட்டத்தில் மொத்தச் செலவு குறைவு என்று காட்டும். 2026இல் பார்ட் டி மருந்துகளுக்கு ஒருவர் கையிலிருந்து செலவழிக்கும் தொகை 2,100 டாலரைத் தாண்டாது.

தாமிரபரணி
2025 அக்டோபர் 6, காலை 6:55

ஊர்க்குருவியின் விளக்கத்தை மதிக்கிறேன், ஆனால் செலவையும் யோசிக்க வேண்டும். பிளான் ஜி பிரீமியம், பார்ட் டி பிரீமியம் இரண்டும் சேர்ந்தால் மாதம் இருநூறு டாலரை எளிதில் தொடும். அது ஆண்டுதோறும் ஏறும் என்பதைப் பழைய கணக்கர் ஐயாவே சொல்லிவிட்டார். எங்கள் பெற்றோர் எட்டு ஆண்டுகளாக அட்வான்டேஜில் இருக்கிறார்கள். பல், கண்ணாடி உதவியும் கிடைக்கிறது, குறை ஒன்றும் இல்லை. அதில் ஆண்டுச் செலவுக்கு உச்சவரம்பும் இருக்கிறது. ஓய்வூதியத்தில் வாழ்பவர்களை இரண்டு பாலிசிக்குப் பணம் கட்டச் சொல்வது நியாயமா?

பழைய கணக்கர்
2025 அக்டோபர் 6, காலை 9:30

நியாயமான கேள்வி. 2026இல் அட்வான்டேஜ் திட்டங்கள் நெட்வொர்க்குக்குள் வைக்கக்கூடிய அதிகபட்ச வரம்பு 9,250 டாலர். பல திட்டங்களில் இதைவிடக் குறைவாகவே இருக்கும். மாதம் இருநூறு என்றால் ஆண்டுக்கு 2,400. நோய் இல்லாத ஆண்டுகளில் தாங்கள் சொல்வதே மலிவு. சிகிச்சை நீளும் ஓர் ஆண்டில் கணக்கு புரண்டுவிடும். தங்கள் பெற்றோருக்கு அட்வான்டேஜ் பொருந்தியிருக்கிறது, அதை மாற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த அம்மையாருக்கு நோய் ஒருமுறை வந்து போயிருக்கிறது. மேலும், அட்வான்டேஜ் ஒவ்வோர் ஆண்டும் பதிவுக் காலத்தில் கிடைக்கும். அவருக்கு மெடிகேப் கிடைக்கும் வாய்ப்பு இந்த ஒருமுறைதான் கண்ணுக்குத் தெரிகிறது. திரும்பக் கிடைக்கக்கூடியதை விட்டு, கிடைக்காததை எடுத்துக்கொள்வதே என் ஆலோசனை.

தாமிரபரணி
2025 அக்டோபர் 6, காலை 10:05

அந்தக் கோணத்தில் நான் பார்க்கவில்லை. நன்றி ஐயா.

குறிஞ்சி
2025 அக்டோபர் 8, இரவு 9:15

இதே இழையில் என் கேள்வியையும் வைக்கிறேன். ஒஹாயோவில் இருக்கும் என் மாமனாருக்கு, அவர் வேலை பார்த்த நிறுவனம் ஓய்வு பெற்றவர்களுக்காக எடுத்திருந்த குழு மெடிகேப்பை முடித்துக்கொள்கிறது. கடிதம் செப்டம்பர் நடுவில் வந்தது. பாதுகாப்பு டிசம்பர் இறுதியில் முடிகிறது. 63 நாட்களை எந்த நாளிலிருந்து எண்ண வேண்டும்?

ஊர்க்குருவி
2025 அக்டோபர் 8, இரவு 10:30

கடிதத்தின் தேதி, பாதுகாப்பு முடியும் தேதி இவற்றில் எது பிந்தியதோ அதிலிருந்து எண்ணலாம். கடிதமே வராமல், மருத்துவக் கட்டணம் நிராகரிக்கப்பட்டபோதுதான் விஷயம் தெரிந்தது என்றால் அந்த நிராகரிப்புத் தேதியும் கணக்கில் வரும். உங்கள் மாமனாருக்கு டிசம்பர் இறுதியே பிந்தியது.

அவருக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு. குழு மெடிகேப்பை முதலாளி முடித்துவிட்டு வேறு குழுப் பாலிசியை அந்த இடத்தில் வைக்கவில்லை என்றால், அதே காப்பீட்டு நிறுவனம் ஒவ்வொருவருக்கும் தனிநபர் மெடிகேப் பாலிசி ஒன்றைத் தர முன்வர வேண்டும். வேறு குழுப் பாலிசியை வைத்தால், புதிய நிறுவனம் பழைய குழுவில் இருந்த எல்லோரையும் ஏற்க வேண்டும். பழைய பாலிசி ஏற்றிருந்த நோய்களைப் புதியது விலக்க முடியாது. எந்த வகை என்று கடிதத்தில் பார்த்துக்கொண்டு, பிறகு முதலாளியின் அலுவலகத்தைக் கேளுங்கள்.

கொன்றை
2025 நவம்பர் 10, மாலை 7:40

அம்மாவோடு பலமுறை பேசி பிளான் ஜி என்று முடிவு செய்தோம். நவம்பர் 3 அன்று ஒரு நிறுவனத்தின் தளத்தில் விண்ணப்பித்தேன். படிவம் கேட்ட எல்லாக் கேள்விகளுக்கும், புற்றுநோய் உட்பட, உண்மையாகப் பதில் எழுதினேன். இன்று உடல்நலக் காரணத்தால் ஏற்க இயலாது என்று பதில் வந்துவிட்டது. அம்மா என்னைத் தேற்றுகிறார். உரிமை இருக்கிறது என்றீர்களே, எங்கே தவறினேன்?

ஊர்க்குருவி
2025 நவம்பர் 10, இரவு 8:15

உரிமை அப்படியே இருக்கிறது. உங்கள் விண்ணப்பம் சாதாரண வரிசையில் போய்விட்டது, அவ்வளவுதான். கேரண்டீட் இஷ்யூ விண்ணப்பத்தில் உடல்நலப் பகுதியை நிரப்பவே கூடாது. எந்தக் காரணத்தால் உரிமை என்று கேட்கும் பகுதியில், அட்வான்டேஜ் திட்டம் முடிவடைகிறது என்பதைக் குறித்து, கடிதத்தின் நகலை இணைக்க வேண்டும். தளத்தை விட்டுவிட்டு நாளை தொலைபேசியில் அழையுங்கள். கேரண்டீட் இஷ்யூ என்ற சொல்லை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். பேசியவரின் பெயர், நேரம் இரண்டையும் எழுதி வையுங்கள். அதன் பிறகும் மறுத்தால் டெக்சாஸ் காப்பீட்டுத் துறையில் புகார் கொடுக்கலாம். உங்கள் மாநிலத்தில் ஹைகேப் என்ற பெயரில் இலவச ஆலோசனைத் திட்டம் இருக்கிறது. என்னைப் போன்ற ஒருவர் அங்கே உங்களோடு உட்கார்ந்து படிவத்தை நிரப்பித் தருவார்.

இந்த உரிமையில் விற்கும் பாலிசிகளுக்குச் சில நிறுவனங்கள் ஏஜென்ட்டுகளுக்குக் கமிஷன் குறைவாகத் தருகின்றன, சில தருவதே இல்லை. உங்கள் ஏஜென்ட் இதைப் பற்றிப் பேசாததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, அவரையே நம்பியிருக்க வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

கொன்றை
2025 நவம்பர் 24, காலை 11:02

கடிதத்தின் நகலோடு மறுபடி விண்ணப்பித்தோம். இன்று ஏற்பு வந்தது. 2026 ஜனவரி 1 முதல் பிளான் ஜி. பழைய நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் இல்லை என்று எழுத்தில் இருக்கிறது. மாத்திரைக்குப் பார்ட் டி எடுத்தாயிற்று. ஊர்க்குருவி அண்ணா, பழைய கணக்கர் ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

அப்பா தம் பிளான் எஃப்பை வைத்துக்கொள்கிறார். பிரீமியம் இன்னும் ஏறினால், ஸ்டென்ட் வைத்துச் சில ஆண்டுகள் கடந்த பிறகு ஜிக்கு ஒருமுறை விண்ணப்பித்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

ஊர்க்குருவி
2025 நவம்பர் 24, பிற்பகல் 12:30

மனம் நிறைந்தது. ஒன்று மட்டும்: அட்வான்டேஜில் இருந்தவரை அம்மா அந்தத் திட்டத்தின் அட்டையைத்தான் காட்டியிருப்பார். ஜனவரி முதல் சிவப்பு, வெள்ளை, நீல நிறங்களில் உள்ள மெடிகேர் அட்டையைக் காட்ட வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று இப்போதே தேடி எடுத்து வையுங்கள்.

கொன்றை
2026 ஜனவரி 15, இரவு 9:48

மெடிகேர் அட்டையை அம்மா 2021லேயே பட்டுப்புடவைகளுக்கு அடியில் பத்திரமாக வைத்துவிட்டு மறந்திருந்தார். பீரோவைக் காலி செய்துதான் கண்டுபிடித்தோம். நேற்று அம்மாவை, மூன்று ஆண்டுகளுக்கு முன் நெட்வொர்க்கில் இல்லை என்று எங்களால் போக முடியாமல் போன அதே புற்றுநோய் மையத்துக்கு ஆண்டுப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றேன். வரவேற்பு மேசையில் இரண்டு அட்டைகளையும் வாங்கிப் பதிந்துகொண்டார்கள். முன் அனுமதி எதுவும் கேட்கவில்லை. இந்த ஆண்டின் டிடக்டிபிள் 283 டாலருக்கான ரசீது பிறகு வரும் என்றார்கள். அம்மாவின் அந்தக் கடிதத்தையும் உறையையும் அப்பா தம் பாலிசி இருக்கும் கோப்பிலேயே சேர்த்து வைத்திருக்கிறார்.